ஓரொலியும் பல வாயில்களும்

கேட்டல் என்பது தொன்றுதொட்டுக் கூட்டுச் செயலாகவே இருந்து வந்துள்ளது. கூத்துக் களரியிலும் கோயில் வீதியிலும் ஒலி ஓரிடத்திற் பிறந்து பலர் செவிக்குச் சென்றது. செவிப்புலன் குன்றியவர் முன்வரிசையில் அமர்ந்தார். குழந்தையைத் துயிற்றும் தாய் பின்னே ஒதுங்கி நின்றாள். அவரவர்க்கு வேண்டிய ஒலியளவை அவரவர் நின்ற இடமே தீர்மானித்தது. ஒலியைப் பெட்டியொன்றில் அடக்கி வீட்டுக்குட் கொணர்ந்த பின்னர் இவ்வசதி மறைந்தது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகி ஒன்றே. அதனை யார் விருப்பப்படி வைப்பது என்பது இல்லங்கள் பலவற்றில் நாள்தோறும் எழும் வழக்காயிற்று.

இவ்வழக்கு இன்று புதியதோர் அரங்குக்கு மாறியுள்ளது. தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே சிறு கணினியொன்றை வைத்து, திரைப்படம், இசை, ஒளிபரப்பு ஆகிய யாவற்றையும் அதன் வழியே நுகரும் வழக்கம் பரவியுள்ளது. இதனை ஊடகக் கணினி என்பர். இதனை இயக்குவதற்குப் பலர் தெரிவு செய்வது லினக்ஸ் ஆகும். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த கருநிரலின்மீது எழுந்த பணிசெயல் முறைமை அது. அதன் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம். தம் தேவைக்கேற்ப மாற்றலாம்.

ஒலி வெளியேறுவதற்கு இக்கணினியில் வாயில்கள் பல உள்ளன. தொலைக்காட்சிக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. வடம் ஒன்று, பெருக்கிக்குச் செல்லும் ஒளியிழை வடம் ஒன்று, யு.எஸ்.பி. துளையிற் செருகிய ஹெட்போன் ஒன்று; வடமின்றி இயங்கும் புளூடூத் கருவி இன்னொன்று. ஆயினும் கணினி இவற்றுள் ஒன்றையே தெரிவு செய்யுமாறு கேட்பது வழக்கம். 'கோடி' என்னும் ஊடக நிரலின் அமைப்புப் பக்கமும் அவ்வாறே கேட்கின்றது. தொலைக்காட்சியா, ஹெட்போனா என்ற வினாவுக்கு 'இரண்டும்' என்று விடையளிக்க அங்கே இடமில்லை.

இரண்டும் வேண்டியவர் உளரா என ஐயுறுதல் வேண்டா. முதியவர் ஒருவர் வாழும் இல்லத்தை எண்ணிப் பார்த்தல் போதும். முதுமையிற் செவிப்புலன் குன்றும்போது உயர்ந்த மீடிறன்களே முதலிற் கைவிட்டுப் போகின்றன. உரையின் தெளிவைத் தாங்கும் மெய்யொலிகள் பலவும் அவ்வுயர் மீடிறன்களிலேயே தங்கியுள்ளமையால், முதியவருக்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. அவருக்காக ஒலியைக் கூட்டினால் அயலறையிற் படிக்கும் பிள்ளைக்கு இடையூறு. பிள்ளைக்காகக் குறைத்தால், முதியவர் நடிகரின் உதடுகளை நோக்கியபடி அமர்ந்திருப்பார். ஏனையோர் சிரிக்கும்போது சற்றுப் பிந்தித் தாமும் சிரிப்பார். சில நாளில் கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். ஹெட்போனுக்கு மட்டும் ஒலியை அனுப்பினால் அவர் கேட்பார். ஏனையோர்க்குப் படம் ஊமையாகும். எனவே, ஒரே ஒலி ஒரே வேளையில் இரு வாயில்களாலும் செல்லுதலும், ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனி ஒலியளவு அமைதலும் இன்றியமையாதன.

வடமொன்றை இரு கிளையாகப் பிரித்தால் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். மின்னலையாக வெளிவந்துவிட்ட ஒலிக்கு அது ஆகும். அங்கே எண்களை அலையாக மாற்றும் மின்சுற்று ஒன்றே. கிளைகள் இரண்டும் அதன் நிழல்கள். ஆனால் எச்.டி.எம்.ஐ. வடத்திலும் யு.எஸ்.பி. வடத்திலும் செல்வன எண்கள். அவ்வெண்களை ஒலியாக்கும் மின்சுற்று ஒவ்வொரு கருவியினுள்ளும் தனித்தனியே உள்ளது. ஆகவே கிளை பிரித்தல் கணினியின் உள்ளேயே நிகழவேண்டும்.

எண்களைப் படியெடுப்பது எளிது. வாய்க்கால் நீரை இரு பாத்திகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதியே கிடைக்கும். எண்களோ எத்தனை பேருக்குக் கொடுப்பினும் குறைவதில்லை. லினக்ஸ் ஒலிமுறைமைகளிலும் நீரின் உவமையே சொல்லாட்சியாக நிலைத்துள்ளது. ஒலி பிறக்குமிடத்தை ஊற்று என்றும், சென்று சேருமிடத்தை வடிகால் என்றும் பொருள்படும் சொற்களால் அவை வழங்குகின்றன. ஊற்று ஒன்று, வடிகால் இரண்டு என்ற இவ்வமைப்பு எளிதே கைகூடும் எனத் தோன்றும். உண்மையில் இது செம்மையுறப் பல ஆண்டுகள் சென்றன.

லினக்சின் தொடக்க காலத்தில் ஒலிக்கருவியை இயக்கும் நிரலை ஹன்னு சவோலைனன் எழுதினார். அந்நாளைய கருவிகள் பலவற்றில், ஒரு நிரல் ஒலிவாயிலைக் கைப்பற்றிவிட்டால் அது விடும்வரை வேறு நிரல் எதுவும் ஒலிக்க இயலாது. 1998ஆம் ஆண்டளவில் யரோஸ்லாவ் கிசேலா தொடக்கிய அல்சா என்னும் முறைமை, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6ஆம் கருநிரற் பதிப்பில் முதன்மை பெற்றது. பல கருவிகளை ஒட்டவைத்து ஒரே கருவிபோலக் காட்டும் உறுப்பு அல்சாவில் உண்டு. அதனைப் பயன்படுத்தியோர் தொடக்கத்தில் மகிழ்ந்தனர். நேரஞ் செல்லச் செல்ல ஒலி பிசகுவதையும், இடையிடையே வெடிப்பொலி எழுவதையும் கண்டனர்.

இதற்குக் காரணம் காலமாகும். ஒவ்வோர் ஒலிக்கருவியும் தன் காலத்தைக் குவார்ட்சுப் பளிங்கொன்றின் அதிர்விலிருந்து பெறுகின்றது. திரைப்பட ஒலிக்குச் செக்கனுக்கு 48,000 எண்கள் என்பது பொது வழக்கு. ஆனால் இரு பளிங்குகள் முற்றும் ஒத்து அதிர்வதில்லை. அவற்றிடையே பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கருவி மற்றையதைவிட 8,640 எண்கள் முந்திவிடும், அஃதாவது 0.18 செக்கன். இரண்டரை மணித்தியாலத் திரைப்படம் முடிகையில் இடைவெளி ஏறத்தாழ அரைச் செக்கனை எட்டும். கணினி ஒரே வீதத்தில் எண்களை வழங்குமாயின், விரைந்த கருவியின் சேமிப்பு வற்றும். மெதுவான கருவியின் சேமிப்பு வழியும். வெடிப்பொலிகள் இவ்வாறே எழுகின்றன.

அரைச் செக்கன் ஒரு பொருட்டோ எனலாம். செவிக்கு அது பெரும் பொருட்டு. திருவிழாக் காலத்தில் நீண்ட வீதியெங்கும் கட்டிய ஒலிபெருக்கிகளைக் கேட்டோர் இதனை அறிவர். காற்றில் ஒலியின் கதி 20 பாகை செல்சியசில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர். ஆகையால் 34 மீற்றர் தள்ளி நிற்கும் ஒலிபெருக்கியின் சொல் பத்திலொரு செக்கன் பிந்தி வருகின்றது. ஒரே பாட்டின் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மயங்குகின்றன. ஹெல்முட் ஹாஸ் 1949ஆம் ஆண்டில் கெட்டிங்கனில் அளித்த ஆய்வேடு இத்துறையிற் பெயர்பெற்றது. ஒரே ஒலி சுமார் 30 மில்லிசெக்கனுக்குள் மீண்டும் வருமாயின் செவி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும்; இடைவெளி அதனின் மிகமிக அவை இரண்டாகப் பிரிந்து கேட்கும். ஹெட்போன் அணிந்த முதியவருக்குக் கூடத்து ஒலிபெருக்கியின் ஒலியும் ஓரளவு கேட்கும் அன்றோ? இரண்டும் பிசகினால், தெளிவுக்காக அணிந்த கருவியே மயக்கத்துக்குக் காரணமாகும்.

இச்சிக்கலுக்கு வழிகண்ட முறைமைகளுள் பல்ஸ் ஓடியோ முக்கியமானது. லெனார்ட் பொட்டரிங் 2004இல் வேறு பெயரில் தொடக்கிய இது, 2007இல் வெளிவந்த ஃபெடோரா 8ஆம் பதிப்பிற் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பல வடிகால்களை ஒரு வடிகாலாக இணைக்கும் உறுப்பு இதில் உண்டு. அது வாயில் ஒவ்வொன்றிலும் ஒலியாகாது காத்திருக்கும் எண்கள் எவ்வளவு என இடையறாது அளக்கின்றது. ஒரு வாயில் பிந்துவதாகக் கண்டால், அங்கு செல்லும் ஒலியின் வீதத்தைச் செவி உணராவாறு மிகச் சிறிதளவு திருத்துகின்றது. இவ்வமைப்பைப் பயனர் கட்டளையெழுதித் தோற்றுவிக்கலாம். அமைப்புச் சாளரமொன்றில் ஓரடையாளமிட்டும் பெறலாம். அதன்பின் ஊடக நிரலிற் புதிய வாயிலொன்று தோன்றும். நிரல் ஒரு வாயிலுக்கு அனுப்புவதாகவே கருதும். ஒலி எல்லா வாயில்களாலும் செல்லும்.

விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இதே பணியை வேறு வகையாற் செய்கின்றது. 2021இல் வெளிவந்த ஃபெடோரா 34ஆம் பதிப்பு இதனை ஒலிக்கு இயல்பு முறைமையாக ஏற்றது. இதில் கருவிகளுள் ஒன்று தலைமை தாங்குகின்றது. அதன் நாடியே பொது நாடி; ஏனைய கருவிகளுக்குச் செல்லும் ஒலி, அந்நாடிக்கும் அவற்றின் சொந்த நாடிக்கும் உள்ள வேறுபாட்டுக்கேற்ப நொடிதோறும் சீர்செய்யப்படுகின்றது. நாதசுரக் கச்சேரியில் தாளம் போடுபவரை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். நாதசுரக்காரருக்கும் தவிற்காரருக்கும் தத்தம் லயவுணர்வு உண்டு. எனினும் யாவரும் ஒரு தாளத்துக்குச் செவிகொடுத்துத் தம்மைத் திருத்திக்கொண்டே செல்கின்றனர். பிசகு நேரவே நேராது என்பது அங்கே நம்பிக்கையன்று. நேர்ந்தவுடன் திருத்தப்படும் என்பதே நம்பிக்கை.

காலத்தோடு தொடர்புடைய இன்னொரு சிக்கல் புளூடூத் கருவிகளால் எழுகின்றது. அவை ஒலியைச் சுருக்கி அனுப்பிப் பின் விரிப்பதால், பத்திலொன்று முதல் ஐந்திலொன்று வரையான செக்கன் பிந்துதல் இயல்பு. பிந்துங் கருவியை விரைவுபடுத்த வழியில்லை. விரைவான கருவிகளையே தாமதிக்கச் செய்யவேண்டும். படமும் அவ்வளவு தாமதித்தல் வேண்டும். அன்றேல் உதடு முந்திச் சொல் பிந்தும். கருவி தன் தாமதத்தைத் தவறாக அறிவிப்பதும் உண்டு. அப்போது பயனரே செவியால் உணர்ந்து, மில்லிசெக்கன் கணக்கில் ஈடுசெய்யும் அளவை இடவேண்டும். கூட்டமாகச் செல்வோருள் மெல்ல நடப்பவரின் நடையே கூட்டத்தின் நடையாக அமைவது போன்றது இது. மெல்ல நடப்பவரை விட்டுச் செல்லலாம். ஆனால் அப்போது அது கூட்டமாக இராது.

காலம் பொருந்திய பின்னும் கவனிக்கவேண்டியன இரண்டுள. திரைப்படங்கள் பலவற்றில் ஒலி ஆறு தடங்களாகப் பிரிந்துள்ளது. உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்தில் அமைகின்றது. ஹெட்போனுக்கு இடத்தடமும் வலத்தடமும் மட்டும் சென்றால், இசையும் இரைச்சலும் கேட்கும், பேச்சு மறையும். சொல் விளங்காமையே குறையாக உள்ளவருக்கு இதனினும் பெருங்கேடு இல்லை. எனவே நடுத்தடத்தை இரு பக்கமும் கலந்து அனுப்புமாறு அமைத்தல் வேண்டும். அடுத்து, டொல்பி முறையிற் சுருக்கிய ஒலியை விரிக்காமல் அப்படியே பெருக்கிக்கு அனுப்பும் வசதியை ஒலிநயம் விரும்புவோர் போற்றுவர். அவ்வாறு செல்வது முத்திரையிட்ட கடிதம் போன்றது. அதன் வீதத்தைத் திருத்தவோ தடங்களைக் கலக்கவோ அளவைக் குறைக்கவோ இயலாது. பலரும் கேட்கவேண்டுமாயின் கணினியே முத்திரையை உடைத்து விரித்தல் வேண்டும். ஒருவரது நுண்சுவையும் பலரது பயனும் இங்கே முரண்படுகின்றன. எதனைக் கொள்வது என்பதை இல்லத்தாரே தீர்மானிப்பர்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலப்படும். உடனிருந்து கேட்பதற்கு ஒலியளவு யாவர்க்கும் ஒன்றாக இருக்கவேண்டுவதில்லை. முதியவருக்கு உரத்தும் பிள்ளைக்கு மெலிந்தும் செல்லலாம். காலம் மட்டும் ஒன்றாதல் வேண்டும். நகைச்சுவையொன்றுக்கு நால்வரும் ஒரே கணத்திற் சிரிப்பாராயின், அவர்கள் ஒருங்கு கேட்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஒரு திருகியையுடைய பெட்டி அளவை எல்லார்க்கும் சமமாக்கிற்று. அச்சமத்துவத்தால் வலுக்குறைந்தவரே விலக்குண்டனர்.

இறுதியாக, நடைமுறை பற்றியதொன்று கூறுதல் தகும். கட்டளை மூலம் தற்காலிகமாகத் தோற்றுவித்த இணைப்பு வாயில், கணினி மீண்டும் தொடங்கும்போது மறைந்துவிடும். நிலைபெற வேண்டுமாயின் அதனை அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தல் வேண்டும். விடுமுறைக்கு வீடு சென்ற மாணவர் இரவொன்றில் யாவற்றையும் பொருத்திவிட்டு, கோப்பில் எழுத மறந்து விடுதிக்குத் திரும்பினால், அடுத்த மின்தடையோடு முதியவரின் ஹெட்போன் ஊமையாகும். அதனை மீட்க அவரால் இயலாது. பிறரைத் தொல்லைப்படுத்த விரும்பாமல் வாளாவிருந்தும் விடுவார். அறிந்தவர் அருகில் இல்லாத நாளிலும் இயங்குமாறு செய்துவைத்தலே அறிந்தவரின் கடன். கோப்பில் எழுதும் அச்சில வரிகளுக்குச் செலவாவது சில நிமிடங்களே.