நெயில் கட்டர்

எங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் நான்கு நெயில் கட்டர்கள் இருக்கின்றன. மூன்று புழக்கத்தில் உள்ளவை. நான்காவது வாயெல்லாம் துருவேறி, மேல் பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதற்கும் உதவாமல் கிடப்பது. போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது மருமகள் அதைப் பழைய சாமான் மூட்டையில் போட்டாள். நான் எடுத்து மறுபடி இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

'எதுக்கு மாமா இது?' என்றாள்.

'தாத்தாவோடது' என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். முழு உண்மை அல்ல. மிச்சத்தை எழுத இப்போதுதான் மனம் வந்திருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது சிதம்பரம். வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. அப்பாவுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் குமாஸ்தா வேலை. அந்த நாளில் எங்கள் வீட்டில் நெயில் கட்டர் என்ற பொருளே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முடி வெட்ட ஒரு பெரியவர் வருவார். அவருடைய தகரப் பெட்டியில் நகத்துக்கென்று தனியாக ஒரு சின்னக் கத்தி இருக்கும். பேனாக்கத்தியைவிடச் சிறியது, நுனி உளி மாதிரி தட்டையாக. விரலைத் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தில் ஆரம்பித்து ஒரே இழுப்பில் பிறை மாதிரி எடுத்துவிடுவார். ஒரு நாளும் ரத்தம் பார்த்ததில்லை.

அவர் வராத வாரங்களில் பாதி பிளேடுதான். அப்பா சவரம் செய்து கழித்த பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, பாதி பென்சில் சீவ, பாதி நகம் வெட்ட. திங்கட்கிழமை பிரேயரில் வாத்தியார் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். நகம் இருந்தால் ஸ்கேலால் முட்டியில் அடி. பிளேடில் அறுபட்ட விரலோடு போனால் அடி கிடையாது, அனுதாபம்தான்.

பாட்டி வைத்திருந்த சட்டங்கள் வேறு. செவ்வாய், வெள்ளி நகம் வெட்டக் கூடாது. வெட்டியதை வீட்டுக்குள் போடக் கூடாது. விளக்கு வைத்த பிறகு நகவெட்டியைக் கையில் தொடவே கூடாது. ஏன் என்று கேட்டால், 'மூதேவி வருவா' என்ற ஒரே பதில்.

முதல் நெயில் கட்டர் வந்தது நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. அப்பாவோடு வேலை பார்த்தவரின் மைத்துனர் பினாங்கிலிருந்து வந்தபோது கொடுத்தது. 'ட்ரிம்' என்று பொறித்திருக்கும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பாசெட் என்ற கம்பெனி 1947 முதல் செய்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு அது ஒரு அதிசயப் பொருள். தெருப் பையன்கள் வரிசையில் நின்று வெட்டிக்கொண்டு போனார்கள். 'க்ளிக், க்ளிக்' என்ற அந்தச் சத்தத்துக்காகவே வந்தவர்கள் உண்டு. முப்பது வருஷம் அது முனை மழுங்காமல் உழைத்தது. அம்மா போன பிறகு, சிதம்பரம் வீட்டைக் காலி செய்து அப்பாவைக் கடலூருக்கு என்னோடு அழைத்து வந்தபோது எங்கோ தவறிவிட்டது.

அதற்குப் பதிலாக நான் வாங்கியதுதான் இழுப்பறையில் கிடக்கும் அந்த நான்காவது. ஆனித் திருமஞ்சனத் தேர் அன்று, சிதம்பரம் கீழவீதியில், வளையல், ஊதல், பிளாஸ்டிக் குடம் விற்கும் தரைக்கடைகளுக்கு நடுவே. அதில் ஒரு சின்னக் கத்தி, சோடா மூடி திறக்கும் கொக்கி, சாவி வளையம் எல்லாம் இருந்தன. இருபது ரூபாய் சொன்னான். பேரம் பேசிப் பதினைந்துக்கு முடித்தேன். ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். நகத்தை வெட்டுவது தவிர மற்ற எல்லா வேலையையும் அது ஓரளவு செய்தது.

2011 டிசம்பர் 30ஆம் தேதியை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நான் அப்போது மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பணி ஓய்வுக்கு ஆறு மாதம்தான் பாக்கி. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் லாரி லாரியாக வந்து கம்பம் நட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, டீசல், தங்கும் இடம் என்று கணக்கு எழுதி நான் வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். ஊருக்கு வெளிச்சம் கொடுக்கும் இலாகாக்காரன் வீட்டில் மெழுகுவர்த்தி.

பத்து நாளில் ஆருத்ரா தரிசனம். அப்பாவுக்கு அப்போது 83 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. எந்தப் புயல் வந்தாலும் ஆருத்ராவுக்குச் சிதம்பரம் போயாக வேண்டும் என்று பிடிவாதம். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது, போகலாம் என்று சொல்லிவிட்டேன். புறப்படுவதற்கு முந்தின ராத்திரி அவர் கால் நகத்தைப் பார்த்தேன். வளர்ந்து வளைந்திருந்தது. பகலில் எனக்கு நேரம் ஏது? மெழுகுவர்த்தியைக் கீழே வைத்து அவர் காலை மடியில் எடுத்துக்கொண்டேன்.

'விளக்கு வச்சப்புறம் வேணாம்டா. காலையில பாத்துக்கலாம்' என்றார்.

'காலையில நாலு மணிக்குக் கிளம்பணும். விளக்கு எங்கப்பா இருக்கு நம்ம வீட்டுல?' என்றேன். அவரும் சிரித்தார்.

சர்க்கரைக்காரர்களின் கால் நகம் சில பேருக்குத் தடித்து மஞ்சளாகிவிடும். அந்த தேர்க்கடை நெயில் கட்டரின் வாய் அதைக் கவ்வவே இல்லை. வழுக்கியது. ஓரமாக விட்டு அழுத்தினேன். இரண்டு வாய்களும் நேராகச் சந்திக்காததால் நகம் வெட்டுப்படாமல் கிழிந்தது. கிழிந்த துண்டைப் பிடித்து இழுத்தேன். வலது கால் கட்டைவிரல் மூலையில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் அழுக்கென்று நினைத்துத் துணியால் துடைத்தேன். அவர் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் தந்ததே அந்த மௌனம்தான்.

மறுநாள் தரிசனம் பிரமாதமாக இருந்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் அபிஷேகம் முடிந்து கூட்டம் நெருக்கியடித்தது. தரையெல்லாம் ஈரம், பூ, மிதிபட்ட வாழைப்பழம். வெறுங்காலோடு ஐந்து மணி நேரம் நின்றார், நடந்தார். வெளியே வந்து, 'கால் வலிக்கவே இல்லடா, எல்லாம் அவன் செயல்' என்றார்.

ஐந்தாம் நாள் வேட்டி ஓரத்தில் கறை பார்த்து என் மனைவிதான் கூப்பிட்டாள். விரல் அதற்குள் கறுத்திருந்தது.

டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்து அப்பாவின் பாதத்தில் அங்கங்கே வைத்து வளையும்வரை அழுத்தினார். பத்து கிராம் அழுத்தம் என்றார். பாதத்தில் எங்கே வைத்தும் அப்பாவுக்குத் தெரியவில்லை. நீண்ட நாள் சர்க்கரையில் கால் நரம்புகள் மரத்துப் போகும், ரத்த ஓட்டமும் குறையும், காயம் பட்டால் தெரியாது, தெரியும்போது ஆறாது என்று விளக்கினார். கட்டைவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. அதற்கு அந்த டாக்டருக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

'நகம் யார் வெட்டினது?' என்று அவர் கேட்டபோது நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார். 'புயல்ல ஓட்டுச் சில்லு மேல மிதிச்சிட்டேன்' என்றார்.

பார்க்க வந்த எல்லோரிடமும் அதையேதான் சொன்னார். 'ஊருக்கெல்லாம் பலா போச்சு, முந்திரி போச்சு, எனக்கு ஒரு விரல் போச்சு' என்று சிரித்துக்கொண்டே சொல்வார். என் தங்கை சிதம்பரத்திலிருந்து வந்து அழுதபோதும் அதேதான். 2016இல் நெஞ்சுச் சளியில் அவர் போகும்வரை, என்னோடு தனியாக இருந்தபோதுகூட, அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்தது 2014இல். பரம்பரைச் சொத்து. அன்றைக்குத் தொடங்கியது இந்த நெயில் கட்டர் பைத்தியம். சிதம்பரத்தில் சலூன் வைத்திருக்கும் ஒரு பால்ய நண்பன்தான் குரு. கடையில் அட்டையைப் பார்த்து வாங்காதே, வாயைப் பார்த்து வாங்கு என்பான். வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடையில் கோடாக வெளிச்சம் தெரியக் கூடாது. அப்புறம் மெல்லிய காகிதம் ஒன்றை வெட்டிப் பார்க்க வேண்டும். பீடி சுற்றிய காகிதம்கூடப் போதும். சுத்தமாக அறுந்தால் சரி. மடிந்து நடுவில் சிக்கினால் நகத்தையும் அது அப்படித்தான் செய்யும். மேல் பிடியை இரண்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும், லொடலொடத்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். இதையெல்லாம் அட்டையைப் பிரிக்காமல் எப்படிச் செய்வது என்று கேட்டால், பிரிக்க விடாத கடையில் ஏன் வாங்குகிறாய் என்பான்.

ஒரு கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, 'பாருங்க சார் ஒட்டுது, இது இரும்பு. ஒட்டாததுதான் ஸ்டெயின்லெஸ்' என்று விலை கூடிய ஒன்றைத் தள்ளப் பார்த்தார். அது தப்பு. வெட்டும் கருவிக்கு வேண்டிய கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். நம் வீட்டு டம்ளர் சமாச்சாரம் வேறு. மலிவுச் சரக்கு சாதா இரும்புக்கு மேல் பளபளப்பாக முலாம் பூசியது. சில்வர் பீச் காற்று வீசும் கடலூரில் முலாம் ஒரு இடத்தில் உரிந்தால் போதும், இரண்டு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

கொரியாவில் செய்யும் '777' நல்ல சரக்கு. விமானக் கம்பெனி போயிங்கோடு பெயருக்காகவே தகராறு வந்த அளவுக்குப் பேர்போனது. ஆனால் நம் கடைத்தெருவில் அந்த மூன்று ஏழைப் பொறித்து வருகிறதெல்லாம் கொரியா என்று நம்ப வேண்டாம். நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். இப்போது கைக்கு வைத்திருப்பது மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஜப்பான் சரக்கு, செகி என்ற ஊரில் பிறந்த 'காய்' கம்பெனியுடையது. பல நூறு வருஷமாக வாள் அடித்த ஊராம் அது. வாள் வேலை போனபின் கத்தி, கத்தரி, நெயில் கட்டர். வெட்டும்போது சத்தமே வராது. எனக்கு அந்த 'க்ளிக்' இல்லாதது ஒரு குறைதான்.

கால் நகத்துக்குத் தனி. கை நகத்துக்கு வாய் உட்பக்கமாக வளைந்திருக்கலாம். காலுக்கு நேராக இருக்க வேண்டும், அகலமாகத் திறக்க வேண்டும். கால் நகத்தை நேர்கோடாக வெட்டி மூலையை அரத்தால் தேய்த்துவிடுவதோடு சரி, உள்ளே தோண்டக் கூடாது. தடித்த நகத்துக்குக் குறடு மாதிரி ஒன்று வருகிறது. அது மூன்றாவது. அதைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க வேண்டும். மரத்துப்போன காலென்றால் நாமே செய்யாமல் டாக்டரிடம் காட்டிவிடுவதே மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலூரில் ஒரு சலூனில், எனக்கு முன்னால் இருந்தவரின் சொத்தை நகத்தை வெட்டிய அதே கட்டரை வேட்டியில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். பிளேடை ஆளுக்கொன்றாக மாற்றக் கற்றுக்கொண்டு எத்தனையோ வருஷமாயிற்று. நெயில் கட்டருக்கு அந்த ஞானம் இன்னும் பல கடைகளில் வரவில்லை. நகச்சொத்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். ரத்தம் பட்டிருந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியும் வரலாம். என் நண்பன் கடையில் ஒவ்வொருவருக்குப் பிறகும் பிரஷ் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறப்போடுகிறான். வீட்டிலும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளை ஹோட்டல் டிபன் செலவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்த கையோடு, வாசல் திண்ணையில் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். குனிந்தால் கண்ணாடி நழுவுகிறது, வயிறு இடிக்கிறது. அதனால் இப்போதெல்லாம் கால் என் மனைவியின் பொறுப்பு. வெட்டி முடித்து ஒவ்வொரு விரலாக அழுத்தி, 'தெரியுதா?' என்று கேட்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எந்த விரல் என்று சொல்ல வேண்டும். இதுவரை தப்பியதில்லை. போன மாதம் இடது சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். டாக்டரிடம் நாள் கேட்டிருக்கிறேன்.

தங்கை போன வாரம் போனில், 'அண்ணே, எனக்கும் சர்க்கரை எட்டிப் பாக்குதாம். நல்ல நெயில் கட்டர் ஒண்ணு வாங்கி அனுப்பு' என்றாள். பேச்சுவாக்கில், 'அப்பாவுக்கு அந்தப் புயல் மட்டும் வராம இருந்திருந்தா...' என்று இழுத்தாள். நான் உம் கொட்டினேன்.

கட்டரை நேற்று கூரியரில் அனுப்பிவிட்டேன். நான் எழுதுவதை ஒன்று விடாமல் படிப்பவள் அவள். சாயங்காலம் போன் வரும்.