பிரதி உண்டு, பார்த்ததுண்டா?

"இருக்கிறது" என்று நம்புதல் வேறு; இருக்கிறதா என்று பார்த்தறிதல் வேறு. காணி உறுதி பெட்டகத்துள் இருக்கிறதென்று நிம்மதியாய் வாழ்ந்தவர், வழக்கு வந்த அன்று அதைத் திறந்து, கறையான் தின்ற தாளைக் கண்ட கதைகள் நம் ஊர்களிற் பல. கணினி யுகத்தில் கறையானின் வடிவமே மாறியுள்ளது. மனிதரின் அசட்டை மாறவில்லை.

நம்மிடம் பயிலும் மாணவர் சிலர் 'பிளெண்டர்' என்னும் மென்பொருளைக் கொண்டு அசைவூட்டப் படமொன்றைத் தயாரித்து வருகின்றனர். ஒன்றரை நிமிடப் படந்தான். ஆயினும், வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் 2,160 தனிப் படங்கள் அதற்கு வேண்டும். "பிரதி எடுத்தீர்களா?" என்று வினவினோம். "எடுத்துவிட்டோம், ஐயா" என்றனர். "எடுத்ததைத் திறந்து பார்த்தீர்களா?" என்றோம். மௌனமே விடையாயிற்று. அப்பொழுது நாம் அவர்களுக்குக் கூறிய வரலாறு இது.

1998ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பிக்சார் நிறுவனத்தில் 'ரோய் ஸ்ரோரி 2' உருவாகிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர், கோப்புகளை அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்திற் பிறப்பித்துவிட்டார். வூடி என்னும் பொம்மையின் தொப்பி மறைந்தது; சப்பாத்து மறைந்தது; ஈற்றில் வூடியே மறைந்தான். படத்தின் 90 வீதமளவு அழிந்தது. பிரதிகளை நாடினர்; பிரதி எடுக்கும் ஏற்பாடு ஒழுங்காக இயங்கவில்லை என்பது அன்றுதான் தெரியவந்தது! தொழினுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன், குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்து பணிபுரிந்தமையால், அவருடைய வீட்டுக் கணினியிற் பிரதியொன்று இருந்தது. அக்கணினியைக் கம்பளியாற் சுற்றிக் காரில் ஏற்றிவந்தனர். பின்னர் கோப்புகளை ஆராய்ந்து தேறும் பெரும்பணி நடந்தது. படம் 1999இல் வெளிவந்தது. அதைக் காத்தது ஏற்பாடன்று, தற்செயலே.

தற்செயலை நம்பாதிருக்க வழி யாது? கோப்புகளைப் பட்டியலிட்டுச் சரிபார்க்கும் சிறு மென்பொருள்கள் உள. அவை ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அளவையும் திகதியையும் பதிவதுடன், அதன் உள்ளடக்கத்திலிருந்து ஓர் அடையாளக் குறியையும் கணிக்கின்றன. 'ஷா-256' என்னும் முறையில் அக்குறி 64 எழுத்திலக்கங்கள் கொண்டது. கோப்பில் ஒரு புள்ளி மாறினும் குறி முற்றாக மாறும். மூலத்தின் பட்டியலையும் பிரதியின் பட்டியலையும் ஒப்பிட்டால், எது இல்லை, எது பழுது என்பது வெளிப்படும். 416ஆம் சட்டத்தை அடுத்து 418 நின்றால், 417ஐக் காணவில்லை என்று அறியலாம்.

அசைவூட்டப் படத்திற்கு இன்னுமொரு தொல்லை உண்டு. பிளெண்டர்க் கோப்பு, உருவங்களின் மேற்பரப்பு ஓவியங்களைத் தன்னுள் அடக்காது, அவை இருக்குமிடத்தை மட்டும் குறித்துவைத்திருத்தல் கூடும். அக்கோப்பை மட்டும் பிரதிசெய்து வேறொரு கணினியிற் திறந்தால், ஓவியம் இருக்கவேண்டிய இடமெல்லாம் கடும் இளஞ்சிவப்பாய்த் தோன்றும். ஆதலின், துணைக்கோப்புகளும் பட்டியலில் இடம்பெறல் வேண்டும்.

எனினும், கருவி எல்லாம் அறிந்ததன்று. பிரதி மூலத்தை ஒத்தது என்றுதான் அது சொல்லும். மூலமே பழுதாயின், அப்பழுதையும் "சரி" என்றே ஒப்புவிக்கும். ஒரே வன்தட்டில் இரு பிரதிகள் வைத்தால், இரண்டும் ஒருங்கே அழிதலையும் அது தடுக்காது. ஆகவே, ஒரு பிரதி வேறிடத்தில் இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறையேனும் அதைத் திறந்து மனிதக் கண் பார்த்தலும் வேண்டும்.

நம் மாணவர் அன்று மாலையே பட்டியலிட்டனர். பிரதியில் 38 சட்டங்கள் குறைந்திருந்தன. மூலம் கையில் இருந்தமையால் உடனே நிரப்பினர். வாசகர் பலரிடம் அசைவூட்டப் படம் இராது. ஆனால், மறைந்த பெற்றோரின் நிழற்படங்களும் பிள்ளைகளின் மழலைக் குரலும் ஏதோவொரு தட்டில் உறங்கக்கூடும். அத்தட்டை எடுத்துத் திறந்து பாருங்கள்.