கேள் என்னும் பிரார்த்தனை

பார்சல் அலுவலகத்தில் இரவு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மௌனம் என்ற ஒன்று கிடையாது. மீன் கூடைகளும் மாம்பழப் பெட்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் விடிய விடிய வந்து இறங்கும், தள்ளுவண்டிகள் கடகடக்கும், ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் அலறும். சுமார் 12 ஆண்டுகளுக்கு முன், நாம் மும்பையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த இரைச்சலின் நடுவே எதிர் மேஜைத் தலைமைக் குமாஸ்தா ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வலக்கையால் கண்களைப் பொத்திக்கொண்டு சிறிது நேரம் அசையாமல் இருப்பதைக் கண்டோம். தலைவலி போலும் என்று இரக்கப்பட்டு, மூன்றாம் நாள் அமிருதாஞ்சனப் புட்டியை நீட்டினோம். அவர் கண் திறந்து சிரித்தார். “இது வலியன்று, ஷெமா” என்றார்.

அவர் பெனே இஸ்ரேல் வகுப்பைச் சேர்ந்த யூதர். கொங்கணக் கரையில், நவ்காவ் என்னும் ஊரருகே கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே தம் முன்னோர் என்பது அவ்வகுப்பார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தனர். தலைமுறைகள் செல்லச் செல்ல எபிரேய மொழி போயிற்று; வேதச் சுருளும் கையில் இல்லை; வீட்டுப் பேச்சு மராத்தியாயிற்று. நாவில் எஞ்சியது ஷெமாவின் முதல் வரி ஒன்றுதான். பிள்ளை பிறந்தாலும் அதுவே, திருமணத்துக்கும் அதுவே, சாவுக்கும் அதுவே. பிற்காலத்தில் தாவீது ரஹாபி என்பவர் வந்து அவர்களை யூதர் என்று கண்டுகொண்டதற்கு, செதிலில்லாத மீனை அவர்கள் ஒதுக்கியது ஒரு காரணம், இந்த ஒரு வரி மற்றொரு காரணம் என்பார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் எல்லோருமே, எதை மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம், அதில் எது பேரன் வரை மிஞ்சும் என்று அவ்வப்போது கணக்குப் போடுகிறவர்கள்தாம். இக்கதையைக் கேட்ட இரவு நமக்கு அந்தக் கணக்குச் சரியாக வரவில்லை.

எபிரேயத்தில் அவ்வரி ஆறே சொற்கள். ‘ஷெமா’ என்றால் கேள் என்று பொருள். இறைவன் ஒருவனே என்பதைச் செவியில் வாங்கும்படி இஸ்ரவேல் மக்களை நோக்கிச் சொல்வது அது. பிரார்த்தனை என்றால் நாம் பழகியது வேண்டிக் கேட்பது: மாற்றல் உத்தரவு வேண்டும், பெண்ணுக்கு நல்ல வரன் வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் தணிய வேண்டும். அத்தகைய வேண்டுதல்கள் அவர்களுக்கும் வேறாக உண்டு. ஷெமாவிலோ ஆண்டவனிடம் எதுவும் கேட்பதில்லை. சொல்லுகிறவன் தன் காதுக்கே கட்டளையிடுகிறான். நம் மொழியில் இரண்டுக்கும் கேட்டல் என்ற ஒரே சொல் இருப்பது விந்தைதான். பிள்ளை சொன்னபடி கேட்கிறான் என்கிறோமே, அந்தக் கேட்டலும் ஷெமாவில் அடக்கம் என்றார் பெரியவர்.

அதற்குரிய விதிகள் நம் ரயில்வே விதிப் புத்தகத்துக்குச் சளைத்தவை அல்ல. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் நூல் தொடங்குவதே, மாலை ஷெமாவை எந்நேரம் முதல் சொல்லலாம் என்ற கேள்வியோடுதான். அவர்களுக்கு நாள் மாலையில் பிறக்கிறது. நள்ளிரவுக்குள் என்றனர் அறிஞர். விடியும் வரை தவணை உண்டு என்றார் ரப்பான் கமாலியேல். அவர் மைந்தர்கள் விருந்துக்குப் போய் நேரங்கழித்துத் திரும்பி, இன்னும் சொல்லவில்லையே என்றபோது, கிழக்கு வெளுக்கவில்லையானால் சொல்லியாக வேண்டும் என்றாராம். காலை ஷெமாவுக்கு நீலத்தையும் வெள்ளையையும் பிரித்தறியும் வெளிச்சம் வேண்டும். நான்கு முழ தூரத்தில் நிற்கும் நண்பனை அடையாளம் தெரியும் வேளை என்பது மற்றொரு கணக்கு. கடிகாரத்தைப் பார்த்தே காலம் தள்ளும் நமக்கு, முகம் தெரிவதை வைத்து நேரம் சொல்லும் இம்முறை மிகவும் பிடித்துப்போயிற்று. கூலிக்கு மரமேறியவன் மரத்திலிருந்தபடியே சொல்லலாம்; சுவர் கட்டுகிறவன் சுவர் மேலிருந்தே சொல்லலாம்; இறங்க வேண்டியதில்லை. பார்சல் மேஜைக்கும் அச்சலுகை செல்லும் என்று பெரியவர் வைத்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் தளர்ச்சி இல்லை. முதல் வரியைக் கருத்தின்றிச் சொன்னால் சொன்ன கணக்கில் சேராது. கண்ணைப் பொத்துவது அதற்காகத்தான்.

இந்த விதி நம்மைச் சுட்ட கதையையும் மறைப்பதற்கில்லை. நம் தாயார் கோவில்பட்டிக்கு அருகே கிராமத்தில் தனியே இருக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். அவர் பேசப் பேச, நாம் மறுநாள் வேலைப் பட்டியலைப் பார்த்தபடி ‘உம், உம்’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். இடையிடையே, “ஏய்யா, கேக்கியா?” என்பார். “கேக்கேம்மா” என்போம். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, பக்கத்தில் வருகிற ஆள் தெரியவில்லை என்று பல மாதமாகச் சொல்லியிருக்கிறார். அதற்கும் ‘உம்’தான். பக்கத்து வீட்டுப் பெண் நம் இல்லாளிடம் சொல்லி, நாம் விடுப்பு எடுத்து ஓடி, மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, வலக்கண்ணில் போன பார்வை திரும்பாது, இடக்கண்ணைச் சொட்டு மருந்தால் காக்கலாம் என்றார்கள். தாயார் நம்மைக் குறை கூறவில்லை. “நான் சொன்னேனே” என்று கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்து பெரியவரிடம் சொன்னோம். அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. நான்கைந்து ரசீது எழுதிய பிறகு, ஷெமாவை வாய்விட்டுச் சொல்லச் சொன்னதே சொல்லுகிறவன் காதில் விழட்டும் என்றுதான் என்றார்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். தாணேயில் 1879-ல் கட்டப்பட்ட ஜெப ஆலயத்துக்குச் சற்றுத் தள்ளி வீடு. வாசல் நிலையின் வலப்புறம் சிறு குழல் ஒன்று பதித்திருக்கிறது. ஷெமா எழுதிய தோல் சுருள் அதனுள் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் விரலால் தொட்டு முத்தமிட்டுப் போவார்கள். ஆனால் போகிறவர்கள் இப்போது சிலரே. 1948-க்குப் பிறகு அவ்வகுப்பாரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறினர். இவர் மகனும் அங்கேதான்.

சென்ற மாதம் ஓர் இரவு அங்கே போயிருந்தோம். பத்தரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அங்கே பேத்தி உறங்கப் போகும் வேளை. குழந்தைக்கு மராத்தி தெரியாது. தாத்தாவுக்குப் பேச்சு எபிரேயம் வராது. குழந்தை அந்த ஆறு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிற்று. பெரியவர் வலக்கையால் கண்களைப் பொத்திக்கொண்டு, தொலைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். நாம் பிடிக்க வேண்டிய வண்டி அதற்குள் போய்விட்டது. அடுத்ததற்கு நிலையத்தில் அரை மணி நேரம் காத்திருந்தோம்.