கலப்பைக்கிழங்கு

சித்திரை பிறந்தால் இங்கு இலை கொட்டத் தொடங்கும். கனடாவிலும் நோர்வேயிலும் ஜேர்மனியிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சற்றுக் குழப்பமாக இருக்கலாம். நீங்கள் பூச்சாடிகளை வெளியே எடுத்து வைக்கிற மாதத்தில் நாங்கள் உள்ளே எடுத்து வைக்கிறோம். நீங்கள் புரட்டாசி, ஐப்பசியில் செய்கிற வேலைகளை நாங்கள் பங்குனியில் தொடங்கி வைகாசி முடிவதற்குள் செய்கிறோம். ஒக்லாந்தின் தெற்கே மனுரேவாவில், ஒரே வாடகை வீட்டில், பதினான்கு வருடங்கள் இந்த வேலைகளைச் செய்திருக்கிறேன். 2025இல் செய்ததுதான் அந்த வளவில் கடைசி.

அந்தப் பங்குனியின் மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. தொண்ணூறு நாட்களில் வீட்டை விட வேண்டும். காரணம் எழுதியிருக்கவில்லை. அந்த வருடம் தை 30ஆம் திகதியிலிருந்து காரணம் சொல்லாமலே தொண்ணூறு நாள் அறிவித்தல் கொடுக்கலாம் என்று சட்டம் மறுபடி மாறியிருந்தது. ஆகவே சண்டைபிடிக்கவும் ஒன்றுமில்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டைத் திறந்து பார்த்தேன். கடதாசிப் பையில் நாற்பது ரியூலிப் கிழங்குகள் இருந்தன.

அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். ரியூலிப்புக்குக் குளிர் வேண்டும். ஒக்லாந்தின் மாரிக்குளிர் அதற்குப் போதாது. ஆகவே ஆறு, எட்டுக் கிழமை குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பனிக்காலம் வந்துபோய்விட்டது என்று கிழங்கை நம்பவைத்து, வைகாசியில் நடவேண்டும். பக்கத்தில் அப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது. பழத்திலிருந்து வருகிற வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். முதல் வருடம் மனைவி வெங்காயம் என்று நினைத்து மூன்றைத் தோலுரித்துவிட்டாள். 1944-45 மாரியில் பட்டினி கிடந்த ஒல்லாந்தர்கள் ரியூலிப் கிழங்கை அவித்துத் தின்ற கதையை நான் சொன்னேன். "அவை பசியில திண்டவை. நான் உங்கட விசரில திண்ணவேண்டிக் கிடக்கு" என்றாள்.

கடிதம் வந்த இரவும் அவள்தான் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, விட்டிட்டுப் போற வீட்டில என்னத்துக்குக் கிழங்கு?"

நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை இதற்கு முன் ஒருமுறை நானே கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மனுரேவா என்றால் மிதந்து போன பட்டம். முழுப்பெயர் தே மனுரேவா ஓ தாமபாஹோரே. தாமபாஹோரே என்ற மூதாதையின் பட்டம் நூல் அறுந்து காற்றோடு போனதாம். பக்கத்து வீட்டு மாவோரி அம்மையார் (தெருவில் எல்லோருக்கும் அவர் ஆன்ரி) வேலிக்கு மேலால் இதைச் சொன்ன நாளில் அம்மா என் அருகே நின்றார். நான் மொழிபெயர்த்தேன். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏறுகிற பட்டங்களைப் பார்த்த அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. "அறுந்தா ஓடிப்போய் எடுக்கிறதுதானே, ஏன் விட்டவை?" என்று கேட்டார். அதை மொழிபெயர்த்தபோது ஆன்ரி வெகுநேரம் சிரித்தார். அதன் பிறகு இருவரும் என் உதவியில்லாமலே வேலியில் நின்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். என்ன மொழியில் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அம்மா 2004இல் வந்தார். 2019இல் காலமானார். பதினைந்து வருடங்களில் அவர் ஆங்கிலம் கற்கவில்லை, பஸ்ஸில் தனியே ஏறவில்லை. ஆனால் மண்ணை அறிந்துகொண்டார். ஊரில் எங்களுடையது நீர்வேலி. செம்மண். மழை பெய்து ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் கீழே போய்விடும். இங்கே எங்கள் வளவில் களிமண். மாரியில் சப்பாத்தை இழுத்து எடுக்க வேண்டும், கோடையில் ஓடு போல வெடிக்கும். பூந்தோட்டம் செய்பவர்கள் ஜிப்சம் போடச் சொல்வார்கள், களி உதிர்ந்து கொடுக்கும். போட்டோம். ஆனால் அம்மா நம்பியது குழையை. எங்கள் பக்கத்தில் தோட்டக்காரர்கள் பூவரசங்குழையையும் கிளுவங்குழையையும் வெட்டிக் கிடங்கில் தாழ்ப்பார்கள். அம்மா இங்கே கொட்டுகிற இலைகளைத் தாழ்த்தார்.

இலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கே உரிய மரங்கள் பெரும்பாலும் இலை உதிர்ப்பதில்லை. வருடம் முழுவதும் பச்சைதான். எங்கள் தெருவில் சிவந்து, மஞ்சளித்துக் கொட்டியவை எல்லாம் கப்பலில் கொண்டுவரப்பட்ட மரங்கள்: ஓக், மேப்பிள், லிக்விடாம்பர். இலையுதிர்காலம் என்று இங்கு நாம் பார்ப்பதே குடியேறிகள் கொண்டுவந்தது. அம்மாவுக்கு இதில் அக்கறை இல்லை. அவருடைய கவலை, விடிய எழும்பிக் கூட்டிக் குவித்த சருகுக்கு நெருப்பு வைக்க முடியவில்லையே என்பது. நகரத்துக்குள் வளவில் எரிக்கக் கூடாது என்று சொன்னபோது, "அப்ப நுளம்புக்கு என்ன செய்யிறவை?" என்றார். ஒரு மாதம் குவியலை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் தாழ்க்கத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் அந்த இடத்து மண் கறுத்துப் புட்டுமா போல உதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹில் வீதியில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். 1982இல் திறந்தது, உள்ளே போகக் காசில்லை. அறுபத்துநான்கு ஹெக்ரர். "எத்தினை பரப்பு?" என்று அம்மா கேட்டார். கணக்குப் போட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறு பரப்புக்கு மேலே வந்தது. "இவ்வளவுக்கும் ஒரு கிணறும் இல்லை" என்றார். அங்கே பூத்திருக்கும் ரோசாக்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பாத்திக்கு அடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று குனிந்து கிளறுவார். யாரும் பார்க்கிறார்களா என்று நான் சுற்றிப் பார்ப்பேன்.

வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டபோடில் கிழங்கை அதன் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர் மேலே பார்க்க நடுவது. இனிப்புப்பட்டாணிப் பூ விதையை ஊறவைத்துப் போடுவது. டாலியாவை இங்கே கிளப்பத் தேவையில்லை, நீர் வடிகிற இடமானால் நிலத்திலேயே உறங்கும். ரோசாவை வெட்டக் கை அரிக்கும், ஆடி மாதம் மட்டும் பொறுக்க வேண்டும். செவ்வந்தி வைகாசியில் பூக்கும், அதை அப்போது தொடக் கூடாது. செவ்வரத்தையையும் மல்லிகையையும் சாடியோடு தாழ்வாரத்துக்கு நகர்த்த வேண்டும். (வேலிகளில் வசந்தத்தில் கொட்டிக் கிடக்கிற மல்லிகை நம்முடையதல்ல. அது வேறு சாதி. காட்டை மூடுகிறது என்று விற்கவே தடை செய்திருக்கிறார்கள்.) பையில் வருகிற சாடிமண்ணைத் திறக்கும்போது முகத்தை விலத்தி, முகக்கவசமும் கையுறையும் போட வேண்டும். அதிலிருக்கும் லெஜியோனெல்லா என்ற கிருமி நெஞ்சுச்சளிக் காய்ச்சலைக் கொண்டுவரும், உயிரையும் எடுக்கும். பையிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே அம்மா முகக்கவசத்தோடு தோட்டத்தில் நின்ற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு வந்த வைத்தியர் போல நிற்கிறார்.

இவையெல்லாம் எங்கும் செய்யக்கூடிய வேலைகள். என்னை உறுத்தியது வேலியோரத்துக் கார்த்திகைப்பூ.

அதை அம்மா ஒரு பள்ளிக்கூடச் சந்தையில் கண்டுபிடித்தார். விற்றவர் சிம்பாப்வேக்காரர். தன் நாட்டின் தேசியப்பூ என்றார். தமிழ்நாட்டின் அரசமலர் என்று நான் சொல்ல, அவர் நம்பாமல் பார்த்தார். அம்மா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. சாடிக்குள் விரலை விட்டுக் கிழங்கைத் தடவிப் பார்த்தார். "கலப்பைக்கிழங்குதான்" என்றார். ஏர்க்கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்திருக்கும், அதனால் அந்தப் பெயர். கடும் நஞ்சு. தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையிலிருந்து கொல்கிசின் மருந்துக்காக ஏற்றுமதி செய்கிறார்கள். ஊரில் அதைத் தின்று செத்துப்போனவர்களையும் எங்களுக்குத் தெரியும்.

வேலியில் நட்டார். முதல் கார்த்திகை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தோம். பூக்கவில்லை. ஐப்பசி கடைசியில்தான் முளையே வந்தது. பூத்தது தை, மாசியில். கிழங்குக்கு நமது பஞ்சாங்கம் தெரியாது, வெய்யிலைத்தான் தெரியும். அம்மாவுக்கு அது மனத்தாங்கலாகவே இருந்தது. "கார்த்திகையில பூக்காட்டி அதுக்கு என்ன பேர்?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். கேட்டுவிட்டுத் தையில் பூத்ததைப் பறித்துச் சாமிப்படத்துக்கு வைப்பார்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மழை இருட்டிக்கொண்டு நின்றது. நான் சைக்கிளில் இரண்டு பைகளையும் அரிசியையும் கட்டிவிட்டுப் பார்க்கிறேன், அம்மாவைக் காணவில்லை. கிணற்றடியில் இருந்தார். மாரி தொடங்கிவிட்டதென்று காலையில்தான் செவ்வந்திக் கன்றுகள் பிடுங்கி நட்டிருந்தார். ஒவ்வொரு கன்றுக்கும் பூவரசங்குழை முறித்து நிழல் குத்திக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். "விட்டிட்டுப் போற வளவில என்னணை கன்று?" அதோடு நிற்கவில்லை. எழுதக் கூடாத ஒரு சொல்லும் சொன்னேன். அவர் மிச்சமிருந்த நான்கு கன்றுக்கும் குழை குத்திவிட்டுத்தான் எழும்பினார். கோப்பாய் கைதடி வெளியில் அந்த இரவு சனத்துக்குள் நின்று நனைந்தபோதும், பிறகு தென்மராட்சியில் ஒரு மாட்டுக்கொட்டிலில் மாதக்கணக்காகக் கிடந்தபோதும் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. 1996 சித்திரையில் திரும்பிப்போனோம். கூரையில் ஓடில்லை. செவ்வந்தி ஒன்றுகூட மிஞ்சவில்லை. குத்திய குழைக்கம்புகளில் இரண்டு மட்டும் வேர்விட்டுத் தளிர்த்திருந்தன. அம்மா அவற்றைப் பிடுங்கவில்லை. நான் இங்கு வரும்வரை கிணற்றடி நடுவில் இரண்டு பூவரசுகள் தேவையில்லாமல் நின்றன.

மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினைந்து வருடங்கள் இருந்தன. கேட்கவில்லை.

2025 சித்திரை முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அதன் பிறகு வீரியில் பண்டகசாலை வேலை முடிந்து வர இருட்டிவிடும், சனி ஞாயிறுதான். வருடப்பிறப்புக்கு அடுத்துவந்த ஈஸ்ரர் விடுமுறையில் ராம் என்ற புயலின் மிச்சம் அடித்தது. களிமண் ஊறிக் குளமாகியது. கார்த்திகைப்பூக் கொடி ஏற்கெனவே மஞ்சளாகிக் காய்ந்திருந்தது. இனிக் கிழங்கு உறங்குகிற காலம். ஈரத்தில் விட்டால் அழுகும். விடாமல் கிளப்பினால் முறியும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண்தான் உண்டு. நுனி முறிந்தால் அந்தக் கிளை விறகு.

முகவரிடம் தொலைபேசியில் கேட்டேன். பூக்கன்று எதை வேண்டுமானாலும் எடுங்கள், குழி மட்டும் விடாதீர்கள் என்றார்.

அன்சாக் தினத்தன்று, சித்திரை 25, மண்வெட்டியை வைத்துவிட்டுச் சமையலறைக் கரண்டியோடு குந்தினேன். இரண்டடி விலத்தித் தொடங்கி உள்ளே வரவேண்டும். ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அம்மா தாழ்த்த இலைமண் வரைக்கும் லேசாக வந்தது. அதற்குக் கீழே களி இறுக்கிப் பிடித்திருந்தது. கிழங்கு ஒரு சாண் நீளம், இரண்டு கிளை. ஒரு கிளை முழுதாக வந்தது. மற்றது நுனிக்கு ஒரு விரல் இருக்க முறிந்தது. முறிந்த சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

ஆன்ரி வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருக்கிறார். நெஞ்சில் சிவப்புப் பொப்பிப் பூ குத்தியிருந்தார், விடியற்பூசைக்குப் போய்வந்த உடுப்பு. நான் கையில் முறிந்த துண்டோடு இருந்ததைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. அந்த நுனித்துண்டைத் தா என்று கை நீட்டினார். கண் இருக்கிற துண்டு, பிழைத்தாலும் பிழைக்கும். நஞ்சு என்று சொன்னேன். தெரியும், உன் அம்மா சொல்லியிருக்கிறா என்றார்.

குழியை மூடினேன். மூடுவதற்கு முன் டபோடில் இருபதையும் அதற்குள் நட்டேன். மனைவி யன்னலால் பார்த்தாள், இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சநேரத்தில் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ரியூலிப் பையை வெளியே கொண்டுவந்து தந்தாள். "இதையும் வையுங்கோவன். அங்க வைக்க இடமில்லை." வைகாசி மட்டும் பொறுக்க வேண்டும் என்றேன். பையைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள்.

ஆனி நடுவில் பாப்பகுராவுக்கு மாறினோம். முற்றம் முழுவதும் சீமெந்து. ஆவணியில் ஆன்ரி ஒரு படம் அனுப்பினார். வேலியோரம் டபோடில்கள், அவற்றுக்குள் ஒரு சின்னப் பெடியனின் முச்சக்கர சைக்கிள். ரியூலிப் முளைத்ததா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முழுக்கிளையை மணல் போட்ட சாடியில், உடுப்புத் தோய்க்கிற அறையில், தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தேன். கார்த்திகை முதற்கிழமை மணலை விலக்கிப் பார்த்தபோது நுனியில் ஒரு முளை, விரல்நகம் அளவு. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். பேரன் தவழத் தொடங்கிவிட்டான், சாடியை உயரத்தில் வையுங்கோ என்றாள். வெய்யில் படுகிற உயரமான இடம் இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, சமையலறை யன்னல். ஆணி அடிக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.