கல்லடிப் பாலத்தில் ஒரு தையல் இயந்திரம்

மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடிக்கு வருவோர் வாவியைக் கடக்கக் கல்லடியில் இரண்டு பாலங்கள் இருக்கின்றன. ஒன்று, பிரித்தானியர் காலத்தில் 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம். ஆளுநர் மானிங்கின் துணைவியாரது பெயரால் லேடி மானிங் பாலம் என்பர். ஒரு வாகனம் ஏறினால் எதிரே வருவது கரையில் காத்து நிற்க வேண்டும், அவ்வளவு ஒடுக்கம். மற்றது, ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட அகலமான பாலம். லொறிகளும் பஸ்களும் புதியதற்குப் போய்விட்டதால், பழையதில் நடப்போரும் சைக்கிள்காரரும் ஆறுதலாகப் போகிறார்கள். பௌர்ணமி இரவில் மீன் பாடுவதைக் கேட்க வெளியூரார் வருவது இந்தப் பக்கம்தான். நான் சொல்ல வந்தது மீனைப் பற்றியல்ல, அந்தப் பாலத்தின் மீது சைக்கிளில் வரும் பழைய சாமான்களைப் பற்றி.

சகோதரிகளே, பிறர் பாவித்த பொருளென்றால் முகம் சுளிப்போர் நம்மில் உண்டு. ஆனால் முதிரையிலும் தேக்கிலும் செய்த பழைய அலுமாரியையும், மரத்தூளை அமுக்கிச் செய்த இன்றைய அலுமாரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சுளிக்க மாட்டார்கள். தண்ணீர் பட்டால் ஊதிப் பெருப்பது எது என்பதை வீடு கழுவும் பெண்களே நன்கறிவர். சிக்கல் விலையில் இல்லை, கொண்டுவருவதில்தான். சாமானின் விலையில் பாதியை வாகனக் கூலி விழுங்கிவிடும்.

2022இல் கூலி கொடுத்தாலும் வாகனம் கிடைக்காத நாட்கள் வந்தன. ஜூன் 27ஆம் திகதி நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. எனது ராத்தாவின் மருமகன் ஓட்டோ ஓட்டிப் பிழைப்பவர். ஓட்டோ வாசலில் கிடந்தது. மகளுக்குத் தையல் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாளோ அதே ஜூலை 10இல். அயல் வீட்டார் உடுப்புத் துணிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள், ஆனால் அவளிடம் இயந்திரம் இல்லை. பட்டினத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, மகனோடு போய் இருப்பதற்காக வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டோம். கால்மிதியுடன் கூடிய பழைய சிங்கர் இயந்திரம் ஒன்று அங்கிருந்தது. வார்ப்பிரும்புக் கால், மரப்பலகை, தலை எல்லாம் சேர்ந்து ஒருவரால் தூக்க முடியாத கனம்.

நானும் என் மகனும் சுபஹுத் தொழுதுவிட்டு இரண்டு சைக்கிளில் போனோம். நேரம் முக்கியம். ஜூன், ஜூலையில் இங்கே கச்சான் காற்று. வெயில் ஏறினால் காற்றும் ஏறும், பாலத்தின் நடுவில் அது பக்கவாட்டில் அடிக்கும். அகலமான பலகையை நிமிர்த்திக் கட்டியிருந்தால் பாய் விரித்த தோணி போல ஆள் சரிய வேண்டியதுதான்.

ஆசிரியை அம்மா பக்கத்தில் நின்றே கழற்றச் செய்தார். "தம்பி, முதல்ல பெல்ட்டைக் கழற்றுங்க. அதோட தூக்கினா இழுபட்டு அறுந்திரும்" என்றார். பின்னர் லாச்சிகளை இழுத்தெடுத்து, தலையைப் பிடித்திருக்கும் இரு ஆணிகளைத் தளர்த்தி, அதைப் பழைய சாக்கில் சுற்றினோம். பலகையை இரும்புக் காலிலிருந்து பிரித்தோம். தலையும் லாச்சிகளும் மகனின் சைக்கிளில். இரும்புக் காலை என் கரியரின் மேல் குறுக்கே ஒரு பலகை வைத்துக் கட்டினேன். மேசைப் பலகைக்கு மறுபடியும் ஒரு நடை.

கட்டுவதற்குக் கயிற்றை விடப் பழைய ரியூப்பை நீளமாக வெட்டியது மேல். கயிறு பள்ளத்தில் குலுங்கித் தளரும், றப்பர் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். பின்னால் கனம் கூடினால் முன் சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பும், அதற்குக் கைப்பிடியில் ஒரு பை தொங்க வேண்டும். இப்படிக் கனம் ஏற்றிய சைக்கிளில் ஏறி மிதிக்கக் கூடாது, உருட்டத்தான் வேண்டும். 1954இல் தியன் பியன் பூ போர்க்களத்துக்கு வியட்நாமியர் ஒரு சைக்கிளில் இருநூறு கிலோவுக்கு மேல் கொண்டுபோனதும், கைப்பிடியில் மூங்கிலைக் கட்டி நீட்டி, தள்ளிக்கொண்டு நடந்துதான். எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தார் விறகையும் நோயாளியையும் கூடச் சைக்கிளில்தான் கொண்டுபோனார்கள்.

காரில் வரும் சாமானை யாரும் பார்ப்பதில்லை. சைக்கிளில் வருவதை ஊரே பார்க்கும். "எவ்வளவுக்கு எடுத்தீங்க மௌலவி?" என்று நாவற்குடாவிலிருந்து நாலு பேராவது கேட்டிருப்பார்கள். இந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டே நம்மில் பலர் கூலி லொறிக்குக் கடன்படுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் பாலத்து ஏற்றத்தில் எங்களுக்குப் பின்னாலிருந்து தள்ளிவிட்டவரும் விலை கேட்ட ஒருவர்தான். வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர். பெயர் சொல்லாமலே போய்விட்டார்.

அன்று அஸருக்கு முன் இயந்திரம் ராத்தா வீட்டில் பூட்டப்பட்டு, எண்ணெயும் விடப்பட்டது. பெருநாளைக்கு முதல்நாள் இரவு வெகுநேரம் வரை அதன் சத்தம் கேட்டதாக அயலார் சொன்னார்கள். மருமகன் ஓட்டோவுக்குத் திரும்பிய பின்னும் அது நிற்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டிலும் நான்கு கதிரைகளும் இதே பாலத்தால் வந்தன. கட்டிலைச் சட்டம் சட்டமாகக் கழற்றி, நீண்டவற்றைச் சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டி, பின்னால் நீட்டிய நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். கண்ணாடிக் கதவுள்ள அலுமாரியானால் கதவை மட்டும் கழற்றி ஒருவர் கையில் பிடித்து நடப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டிக்கு மாத்திரம் வாகனம் பிடித்துவிடுங்கள். அதைப் படுக்கவைத்துக் கொண்டுவருவது நல்லதல்ல, நிமிர்த்திக் கொண்டுவரச் சைக்கிள் இடம் தராது.