பெரிய விசிறி வாங்கிய கதை

நானும் மச்சானும் பங்கு போட்டு, 15 குதிரைசக்தி இயந்திரத்தோடு ஒரு பழைய படகு வாங்கினோம். விடுமுறையில் பேராக் ஆற்றில் தூண்டில் போடத்தான். வேகம் போதவில்லை என்று மச்சான் குறைப்பட்டார். எண் கூடினால் வேகமும் கூடுமென்று, யாரையும் கேட்காமல் 12 அங்குல விசிறியை வாங்கி மாட்டினேன். வாத்தியார் புத்தி!

இருவராகப் போனபோது குறை தெரியவில்லை. ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு ஐவர் ஏறினோம். திரும்புகையில் வற்றுநீர் எதிர்த்தது. இயந்திரம் முக்கியது, படகு ஊர்ந்தது. மிதந்து வந்த மரக்கட்டையிலிருந்து விலகக்கூட விசையில்லை. சின்னவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டிய பிறகே கரை சேர்ந்தோம். வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

பட்டறைச் சீனர் விசிறியைத் தொட்டுப் பார்த்து, "சிக்கு, ஐந்து பேருக்கு இதுவா?" என்று சிரித்தார்.

விசிறியில் இரண்டு எண்கள் இருக்கும், அன்பர்களே. முதலாவது குறுக்களவு. அடுத்தது, நீரில் நழுவாமல் சுழன்றால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. அது கூடினால், மேட்டில் பெரிய பல்சக்கரத்தில் சைக்கிள் மிதிப்பதுபோல இயந்திரம் திணறும். மிகவும் குறைத்தாலோ, அளவுமீறிச் சுழன்று கெடும். வழக்கமான சுமையோடு முழு விசையில் ஓட்டிச் சுற்றுகளை அளக்கவேண்டும். எங்களுடையது நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 வரை சுழலவேண்டியது, 4,500தான் வந்தது. ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்று கூடுமாம். 9 மாட்டினோம், 5,100 வந்தது.

மச்சானுக்கு இன்னும் வேகம் போதவில்லை. அந்த 12 அங்குல விசிறியை என் மனைவி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.