காவல் வண்டி ஆடாம நிக்கணும்னா

மக்காச்சோளம் கதிர்ல பால் பிடிக்க ஆரம்பிச்சுட்டா பெரம்பலூர்ப் பக்கம் கொல்லையில ஆள் இல்லாம ராத்திரி கழியாது. காட்டுப்பன்றிதான் காரணம். ஒரு கூட்டம் உள்ளே நுழைஞ்சா தின்னது கொஞ்சம், மிதிச்சு ஒடிச்சுப் போட்டது அதிகமா இருக்கும். விதைச்ச 60 நாளுக்கு மேல இருந்து கதிர் முத்துற வரைக்கும் காவல் இருந்தாகணும்.

அந்தக் காலத்துல இதுக்குப் பரண் கட்டுவாங்க. எங்களுக்குப் பாதி நிலம் குத்தகை. இந்த வருஷம் ஓடைக்கு இந்தப் பக்கம், அடுத்த வருஷம் எங்கேயோ. அதனால பழைய டிராக்டர் டிரெய்லர் ஒண்ணுல இரும்பு ஆங்கிள் அடிச்சு, தகரம் போட்டு, உள்ளே ஒரு கட்டிலும் சோலார் விளக்கும் வச்சோம். கொல்லை ஓரமா இழுத்துட்டுப் போய் நிறுத்தினா குடிசை தயார். போட்டோவைப் பார்த்த சென்னை நண்பர் ஒருத்தர் "என்ன, கேரவனா?"ன்னு கேட்டார். சினிமாக்காரங்க கேரவன்ல ஏசி இருக்கும், எங்களதுல கொசு இருக்கும். மத்தபடி ரெண்டுக்கும் ஒரே வியாதிதான். நிறுத்தி வச்ச இடத்துலயே ஆடும்.

கொஞ்சம் ஆடினா என்ன போச்சுன்னு தோணும். அதுல படுக்கிறது எங்கப்பா, வயசு 72. அவர் புரண்டு படுத்தாலே வண்டி ஒரு குலுங்கு குலுங்கும். பன்றிக்கு எதுலயாவது உடம்பை உரசுற பழக்கம் உண்டு. அதனால ஒவ்வொரு குலுங்கலுக்கும் "வந்துடுச்சு"ன்னு எழுந்து தகரத்தைத் தட்டுவார். நாலு ராத்திரி அப்படித் தட்டினவர் அஞ்சாவது ராத்திரி, "வண்டிதான் ஆடுது"ன்னு திரும்பிப் படுத்துட்டார். அன்னைக்கு வந்தது நிஜப் பன்றி. காலையில பார்த்தா வடக்கு மூலையில ஏழெட்டு வரிசை தரையோட கிடந்துச்சு.

அதைவிட எனக்குப் பயம் வேற. ராத்திரியில மூணு தடவையாவது ஒண்ணுக்குப் போக இறங்குவார். பட்டறையில ஏணியைப் பின்பக்கப் பலகையோடயே மாட்டிக் கொடுத்திருந்தாங்க. அதுல கால் வச்சா வண்டியோட வாலு கீழே இறங்கும், காலை எடுத்தா மேலே வரும். பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் பரண்ல இருந்து இறங்கறப்ப விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, அதுக்கப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. "ராத்திரிக் காவலுக்கு நான் வர்றேன்ப்பா, நீங்க வீட்ல படுங்க"ன்னு சொன்னேன். "பகல்ல மருந்தடிக்க நீ, ராத்திரிக்கும் நீயா? ரெண்டு நாள்ல விழுந்துடுவ. வண்டியை நிறுத்துற வழியப் பாரு"ன்னுட்டார்.

ஆட்டம்னு ஒரே வார்த்தையில சொல்றோமே தவிர, அதுல மூணு தினுசு இருக்கு. சக்கரம் முன்னும் பின்னும் லேசா உருளுறது ஒண்ணு. அச்சு நடுவுல இருக்க, மூக்கும் வாலும் ஏத்தம் மாதிரி ஏறி இறங்குறது இன்னொண்ணு. மூணாவது, இடம் வலமா அசையுறது.

உருளுறதுக்கு வைத்தியம் சுலபம். ரெண்டு சக்கரத்துக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை வச்சு அடிச்சுடணும். தேரோட்டத்துல முட்டுக்கட்டை போடுறவங்களைப் பார்த்திருப்பீங்க. அத்தனை பெரிய தேரைத் திருப்புறதும் நிறுத்துறதும் அந்தக் கட்டைதான். பேப்பர்க்காரங்க "திட்டத்துக்கு முட்டுக்கட்டை"ன்னு எழுதி எழுதி நல்ல சொல்லைக் கெடுத்துட்டாங்க.

ஏறி இறங்குறதுதான் பெரிய தொல்லை. எங்க டிரெய்லருக்கு ரெண்டே சக்கரம். டிராக்டரைக் கழட்டிட்டா முன்னால மூக்குல ஒரு ஸ்டாண்டு, நடுவுல அச்சு, அவ்வளவுதான் பிடிமானம். வாலுப்பக்கம் அந்தரத்துல தொங்குது. முட்டுக் கொடுக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க, எங்கே கொடுக்கிறதுன்னுதான் விஷயம். அச்சுக்குக் கீழே கொடுத்தா டயரோட நெளிவு அடங்கும், ஆனா அச்சுக்கு மேல ஸ்பிரிங் பட்டை இருக்கே, அது பாட்டுக்கு ஆடும். முட்டு சேஸிஸுக்கு நேர் கீழே, நாலு மூலைக்கும் கொடுக்கணும். மூலைக்கு எவ்வளவு கிட்டப் போறோமோ அவ்வளவு பிடிமானம். டயரும் பட்டையும் அப்ப எடையை மட்டும் தாங்கும், ஆட விடாது.

நாங்க பண்ணின விதம் இது. முதல்ல ரசமட்டம் வச்சுப் பார்த்து, பள்ளமா இருந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல ஏத்தினோம். இதை டிராக்டர் மாட்டியிருக்கும்போதே செஞ்சுடணும். அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை, அதுக்குப் பிறகுதான் டிராக்டரைக் கழட்டினது. மூக்கு ஸ்டாண்டைக் கொஞ்சம் இறக்கினா வாலு தூக்கும். அந்த நேரத்துல பின் மூலை ரெண்டுக்கும் பனந்துண்டை நிறுத்திட்டு, மறுபடி மூக்கை மட்டத்துக்கு ஏத்தினோம். வாலு தன் பாரத்தாலயே துண்டு மேல உட்கார்ந்து அழுத்திக்கிச்சு. முன் மூலைகளுக்குத் துண்டு வச்சு, இடைவெளியில ரெண்டு ஆப்பை எதிரெதிரா அடிச்சு இறுக்கினோம். சக்கரம் தரையை விட்டுத் தூக்குற அளவுக்கு இறுக்கக் கூடாது. நாலு முட்டும் கொஞ்சம் கொஞ்சம் பாரம் வாங்கினாப் போதும்.

பக்கவாட்டு அசைவுக்கு, முட்டு ஒல்லியா இருந்தா பிரயோஜனம் இல்லை, அதுவே சாயும். பனந்துண்டு ஒரு அடி அகலம், அதனால பாதி தொல்லை அங்கேயே தீர்ந்தது. மீதிக்கு, பின்னால ரெண்டு துண்டுக்கும் நடுவுல கட்டுக்கம்பியைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே கட்டி, குச்சி விட்டு முறுக்கி விறைப்பாக்கினோம்.

இவ்வளவும் செஞ்சாலும் எங்க மண்ணு விடாது. கரிசல். கதிர் பிடிக்கிறதும் அடைமழையும் ஒரே நேரத்துல வரும். நனைஞ்சா உப்பும், சேறாகி இறங்கும், காய்ஞ்சா வெடிக்கும். வெறும் மண்ணுல நிறுத்தின துண்டு ஒரு மழைக்கே புதைஞ்சுடும். அதனால மேல்மண்ணைச் செதுக்கி எடுத்துட்டு, ரெண்டடிக்கு ரெண்டடி கடப்பாக் கல்லைப் போட்டு, அது மேல துண்டை நிறுத்தினோம். பாரம் பரவுறதால இறக்கம் குறைஞ்சது. நிக்கவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கார்த்திகை மழைக்குத் தென்மேற்கு மூலை விரல் மொத்தம் இறங்கி ஆப்பு கழண்டு கிடந்துச்சு.

ஏணியைக் கழட்டிட்டோம். அதுக்குப் பதிலா வண்டியைத் தொடாம, தரையில ஹாலோ பிளாக் அடுக்கி மூணு படி. கைப்பிடிக்கு ஒரு இரும்புப் பைப்பைத் தனியா மண்ணுல ஊனி, அடியில கான்கிரீட் போட்டாச்சு. இதுக்குத்தான் செலவு ஜாஸ்தி. எல்லாத்துலயும் உருப்படியான வேலையும் இதுதான்னு நினைக்கிறேன்.

இப்ப அப்பா புரண்டா கட்டில் மட்டும் கிரீச்சுங்குது. போன வாரம் விடியக்காலம் மூணு மணிக்கு முன் மூலையில ஏதோ இடிச்சிருக்கு. உடனே எழுந்து தகரத்தைத் தட்டி விரட்டியிருக்கார். காலையில கடப்பாக் கல்லைச் சுத்தி குளம்புத் தடம். சாயங்காலம் மண்வெட்டிக் கட்டையால நாலு ஆப்பையும் தட்டிப் பார்த்துட்டுத்தான் ஏறுறார், என்னைத் தொட விடுறதில்லை.

தை கடைசியில அறுப்பு முடிஞ்சதும் கிளப்பணும். அப்ப டிராக்டரை முதல்ல மாட்டி, பின்னை ஊன்றிப் போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் கம்பியும் ஆப்பும் துண்டும். சக்கரக் கட்டையை எடுக்கிறது கடைசி.